லிப்ட் பம்ப்: மாற்றுவதற்கு முன்னும் மாற்றும்போதும்
(டீசல் பிக்கப் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்)



நம் காம்பிராக்களில் காலையில் தட்டும் ரொட்டிக்கு மா எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லாரும் கூட்டுறவுக் கடையைக் காட்டுவார்கள். அந்தக் கடைக்கு முன்னால் இன்னொரு இடம் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தில், சீனக்குடாப் பக்கம் பிரீமா மா ஆலை. அதே துறைமுகக் கரையில்தான் டோக்கியோ சீமெந்து ஆலையும். அங்கே பாரம் ஏற்றிக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று மலை ஏறி வருகிற வண்டிகளில் நம் பிள்ளைகளும் சாரதியாக, கிளீனராக வேலை செய்கிறார்கள். சிலர் சொந்தமாகவே ஒரு பழைய பிக்கப் வாங்கி மரக்கறி கீழே கொண்டுபோய், கருவாடு மேலே கொண்டு வருகிறார்கள். இந்தப் பாடம் அவர்களுக்காக. தோட்டத்து வண்டி ஓட்டும் அண்ணன்மாரும் வாசிக்கலாம். இராத்திரியில் பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் பெரும்பாலும் இப்படியான ஒரு டீசல் வண்டிதானே.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிப் போனதும், ஓடுகிற வண்டியை எப்படியாவது ஓட வைக்கப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். 2022 இல் எண்ணெய் வரிசையில் நின்றதையும், பிறகு கியூ.ஆர். அட்டை காட்டி அளந்து வாங்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் கேனிலும் பீப்பாயிலும் டீசலைச் சேர்த்து வைத்தவர்கள் பலர். நாட்பட்ட டீசலில் தண்ணீர் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கறுத்த பாசி மாதிரி ஒரு அழுக்கு வளரும். அதை ரேங்கில் ஊற்றிய வண்டிகள் இன்னும் அந்த அழுக்கைச் சுமந்து ஓடுகின்றன. அவை மலையில் இழுக்காமல் நின்றால் உடனே ஒரு யோசனை சொல்வார்கள்: "லிப்ட் பம்ப் வீக் தம்பி, கரண்ட் பம்ப் ஒன்று பூட்டினா சரி." சில வண்டிக்கு இது சரிதான். பல வண்டிக்கு வீண் செலவு. எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

டீசல் எஞ்சினில் இரண்டு பம்ப் வேலை இருக்கிறது. ஒன்று இன்ஜெக்டர் பம்ப். அது டீசலை மிகப் பெரிய அழுத்தத்தில் நொசிலுக்குத் தள்ளும். மற்றது லிப்ட் பம்ப். பீட் பம்ப் என்றும் சொல்வார்கள். பின்னால் கீழே இருக்கும் ரேங்கிலிருந்து டீசலைத் தூக்கி, பில்ட்டரைத் தாண்டி, இன்ஜெக்டர் பம்ப்பின் வாயில் கொண்டு போய்க் கொடுப்பது அதன் வேலை. குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து அடுப்படியில் வைக்கிற ஆள் மாதிரி. சமையல் செய்கிறவர் வேறு. சுமக்கிறவர் பிந்தினால் சமையலும் நிற்கும்.

ஆனால் எல்லா வண்டியிலும் இது தனியாக இருப்பதில்லை. பழைய டொயோட்டா ஹைலக்ஸ் 2எல், 3எல் எஞ்சின்களில் இன்ஜெக்டர் பம்ப்பின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சிறிய சுழல் பம்ப் இருக்கிறது. அதுவே ரேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பில்ட்டர் தலையில் கையால் அமுக்கும் ஒரு குமிழ் இருக்கும், அவ்வளவுதான். வரிசைப் பம்ப் பூட்டிய பழைய டாட்டா, லேலண்ட் வண்டிகளில் இன்ஜெக்டர் பம்ப்பின் விலாவில் தனி பீட் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும், கைப்பிடியோடு. புதிய கொமன் ரெயில் வண்டிகள் வேறு சாதி. சிலவற்றில் ரேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கும், சிலவற்றில் மேலே உள்ள பம்ப்பே உறிஞ்சும். உங்கள் வண்டி இதில் எது என்று தெரியாமல் கடையில் பம்ப் கேட்கப் போகக் கூடாது.

இப்போது திருகோணமலைக் கதைக்கு வாங்க. துறைமுகத்தில் நன்றாக ஓடிய வண்டி ஏன் நுவரெலியா ஏற்றத்தில் மூச்சு விடுகிறது? பாரமும் ஏற்றமும் ஒரு காரணம். எஞ்சின் அங்கே அதிக டீசல் கேட்கும். இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. பம்ப் "உறிஞ்சுகிறது" என்று சொல்கிறோம். உண்மையில் பம்ப் தன் பக்கத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறது. ரேங்கில் டீசலின் மேல் இருக்கும் காற்றுத்தான் டீசலைக் குழாய்க்குள் தள்ளி விடுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றின் பலம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். ரயருக்குக் காற்று அடிக்கும்போது சொல்கிறோமே, அதே இறாத்தல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அது சுமார் 11.7 இறாத்தல்தான். தள்ளுகிற பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சமதரையில் சமாளித்த அரைகுறை அடைப்பு றம்பொடை வளைவுகளில் சமாளிக்காது. இதோடு, குழாயில் உறிஞ்சல் கூடக் கூட டீசலில் கரைந்திருக்கும் காற்றே குமிழாகப் பிரிந்து வரும். குமிழ் நொசிலுக்குப் போனால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது.

கடல் ஊருக்கென்று ஒரு வியாதியும் உண்டு. கரையில் மீன் ஏற்றிய பிக்கப்புகளில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து செசியில் வழியும். டீசல் இரும்புக் குழாய் அதே செசியோடுதான் ஓடுகிறது. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் துரு உட்கார்ந்து ஊசி முனை அளவு ஓட்டை போடும். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் இப்படி ஓட்டை விழுந்தால் வெளியே டீசல் சொட்டாமலே இருக்கலாம், காற்று மட்டும் உள்ளே போகும். அதனால் யார் கண்ணுக்கும் தெரியாது. திருகோணமலை, நிலாவெளிப் பக்கமிருந்து மலிவாக ஒரு பிக்கப் வருகிறது என்று ஆசைப்படுகிற தம்பிமார், பெயின்ட்டைப் பார்க்கிற நேரத்தில் ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்து அந்தக் குழாய்க் கிளிப்புகளைப் பாருங்க. ரேங்கின் மேல் பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்க, மண் பிடித்து அழுகுகிற இடம் அதுதான்.

சரி, வண்டி இழுக்கவில்லை. முதலில் என்ன செய்வது? பணம் செலவில்லாத சோதனைகள் நாலு இருக்கின்றன.

வண்டி நின்றவுடன் ரேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்க. "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் மூச்சுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. குறை அதோடு தீர்ந்தது. நின்ற வண்டி பத்து நிமிஷம் கழித்துத் தானாக நன்றாக ஓடி, பிறகு மறுபடி நின்றால் ரேங்குக்குள் ஏதோ மிதந்து வந்து உறிஞ்சும் வலையில் ஒட்டுகிறது. எஞ்சின் நின்றதும் அது விழுந்துவிடுகிறது. இந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய பம்ப் பூட்டினாலும் அழுக்கை இன்னும் இறுக்கமாகத்தான் இழுத்து ஒட்டும். ரேங்கைக் கழற்றிக் கழுவத்தான் வேணும்.

மூன்றாவது, பில்ட்டருக்கும் இன்ஜெக்டர் பம்ப்புக்கும் இடையில் ஒரு சாண் நீளம், டீசலுக்குத் தாங்குகிற கண்ணாடி மாதிரிக் குழாய் ஒன்றைப் பூட்டி எஞ்சினை ஓட விட்டுப் பாருங்க. தொடக்கத்தில் சில குமிழ் வரும், அது பரவாயில்லை. ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் குமிழ் ஓடினால் எங்கேயோ காற்று இழுக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பதும், கைக் குமிழ் ஒவ்வொரு நாளும் தொளதொளவென்று இருப்பதும் இதே வியாதியின் அடையாளம். நாலாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சுத்தமான டீசல் ஐந்து லீற்றர் கேனில் எடுத்து, இன்ஜெக்டர் பம்ப்பைவிட உயரத்தில், சூடான இடத்துக்கு விலக்கி, ஒருவர் காவல் நிற்க வைத்து, வண்டியின் குழாய்க்குப் பதிலாக இந்தக் கேனிலிருந்து எஞ்சினுக்குக் கொடுத்துப் பாருங்க. நின்ற இடத்திலேயே உயர்ந்த வேகத்தில் சுழலட்டும். இப்போது எஞ்சின் சுத்தமாக ஓடினால் குறை ரேங்குக்கும் பம்ப் வாய்க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. இப்போதும் இருமினால் லிப்ட் பம்ப் வாங்காதீங்க. நொசில், இன்ஜெக்டர் பம்ப், காற்று பில்ட்டர் பக்கம் பாருங்க. கேனோடு வீதியில் இறங்க வேண்டாம், சொல்லிவிட்டேன்.

எஞ்சின் ஒயில் மட்டத்தையும் பாருங்க. எஞ்சினால் இயங்கும் பீட் பம்ப் உள்ள சில வண்டிகளில் உள்ளே தோல் கிழிந்தாலோ சீல் போனாலோ டீசல் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் குறைய வேண்டிய இடத்தில் கூடியிருந்தால், கம்பியை முகர்ந்தால் டீசல் மணம் வந்தால், அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம். மெலிந்த ஒயில் பெயாரிங்கைத் தின்றுவிடும்.

பம்ப்தான் குறை என்று தெரிந்தால்கூட, வரிசைப் பம்ப் உள்ள டாட்டா, லேலண்ட் போன்ற வண்டிக்கு மின்சாரப் பம்ப் தேடிப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். பீட் பம்ப்பில் இருப்பது ஒரு பிஸ்டன், ஸ்பிரிங், இரண்டு வால்வு, ஒரு சிறிய வலை. வலையைக் கழுவி, வால்வையும் வொஷரையும் மாற்றினால் பெரும்பாலும் பழைய பலம் திரும்பும். திரும்பாவிட்டால் அதே மாதிரிப் புதியது ஒன்று பூட்டலாம். கொமன் ரெயில் வண்டிக்குக் கம்பனிப் புத்தகத்தில் சொல்லாத எதையும் நடுவில் நுழைக்காதீங்க. அதன் வாய் அழுத்தத்துக்கு ஒரு அளவு உண்டு, அதைக் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மின்சாரப் பம்ப் உண்மையில் கைகொடுப்பது பழைய ஹைலக்ஸ் மாதிரி, உள்ளே உறிஞ்சும் பம்ப் தேய்ந்து வருகிற வண்டிகளுக்கு, அதிலும் மலைக்கும் கடலுக்கும் ஓடுகிறவைக்கு.

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்ன வண்டி அமெரிக்காவின் டொட்ஜ் ராம் பிக்கப். 1998 நடுப்பகுதியிலிருந்து 2002 வரை கம்மின்ஸ் 5.9 லீற்றர் எஞ்சினோடு வந்தது. இன்ஜெக்டர் பம்ப், வி.பி.44 என்னும் பொஷ் பம்ப். அந்தப் பம்ப்புக்கு ஒயில் கிடையாது. ஓடுகிற டீசலே அதற்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும். லிப்ட் பம்ப்போ மின்சாரப் பம்ப். அதை ரேங்குக்குப் பக்கத்தில் வைக்காமல் முன்னால் எஞ்சின் உடம்பிலேயே பூட்டியிருந்தார்கள். எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் நின்று, தூரத்து ரேங்கிலிருந்து இழுத்து இழுத்து அது மெலிந்து போனது. வண்டி நிற்கவில்லை. அதுதான் ஆபத்து. சாரதிக்கு ஒன்றும் தெரியாமலே அரைகுறை டீசலில் ஓடி, விலை கூடிய பெரிய பம்ப் கருகிப் போனது. ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட நட்டம், மலிவான ஒரு பம்ப்பின் பலவீனத்தால். பிற்பாடு சொந்தக்காரர்கள் பம்ப்பைப் பின்னால் ரேங்குக்குப் பக்கத்தில் செசிக்குக் கொண்டு போனார்கள். சாரதிக்கு முன்னால் ஒரு அழுத்த மீற்றரையும் வைத்தார்கள். அந்தப் பம்ப்புக்கு 10 இறாத்தலுக்குக் கீழே போக விடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. இடமும் மீற்றரும் என்ற இரண்டையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்த 10 இறாத்தலை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அது அந்த வண்டிக்கு.

நம் பழைய சுழல் பம்ப் வண்டிக்கு 4 முதல் 6 இறாத்தல் போதும். அதிகமாகத் தள்ளினால் இன்ஜெக்டர் பம்ப்பின் வயிற்றில் அழுத்தம் ஏறி டைமிங் முந்தும், முன் சீல் பிதுங்கி டீசல் ஒழுகும். பெல்ட் வண்டியில் அந்த டீசல் டைமிங் பெல்ட்டில் பட்டு பெல்ட் ஊறிப் போகும். பெல்ட் அறுந்தால் எஞ்சினே போச்சு. ஆகவே பழைய சாமான் கடையில் பெற்றோல் இன்ஜெக்ஷன் காரில் கழற்றிய பம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீங்க. அது 40 இறாத்தலுக்கு மேல் தள்ளுகிற சாமான். டீசலுக்கு ஏற்றது, குறைந்த அழுத்தம், 12 வோல்ட் என்று கேட்டு வாங்குங்க. "டக் டக்" என்று தட்டும் சிறிய பிஸ்டன் பம்ப் இந்த வகையில் நல்லது.

எவ்வளவு டீசல் தள்ள வேணும்? கணக்குப் போடலாம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வண்டி மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் மணிக்கு 5 லீற்றர் எரிக்கும். பாரத்தோடு மலை ஏறும்போது இரண்டு மடங்கு, 10 லீற்றர் என்று வைப்போம். எரிவது இவ்வளவுதான் என்றாலும் பம்ப்பைக் குளிர்விக்க இன்னும் பல மடங்கு டீசல் சுற்றி, மீதிக் குழாய் வழியாக ரேங்குக்குத் திரும்ப வேணும். மணிக்கு 60 லீற்றரிலிருந்து 100 லீற்றர் வரை தள்ளும் பம்ப் தாராளம்.

பூட்டும்போது பற்றரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்க. பம்ப்பை ரேங்குக்குப் பக்கத்தில், முடிந்தளவு பதிவாக, ரயர் கல்லெறியாத, சைலன்சர் சூடு படாத இடத்தில் வையுங்க. ரேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு ஒரு முன் பில்ட்டர். பெரிய பில்ட்டர் பழைய இடத்திலேயே இருக்கட்டும். குழாய் டீசலுக்கென்று விற்பதாக இருக்க வேணும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் டீசலில் ஊதிப் போய் உள்ளே தோல் உரிந்து அடைக்கும். செப்பு வொஷரைப் புதிதாகப் போடுங்க. கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகும்.

வயர் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாவியில் இருந்து நேராக ஒரு மெல்லிய வயரை இழுத்து விட்டால் பம்ப்புக்கு 12 வோல்ட் போய்ச் சேராது. பற்றரியிலிருந்து தனி வயர், பியூஸ், றிலே; சாவி றிலேயை மட்டும் திறக்கட்டும். சிறிய பம்ப் என்றால் 7.5 அல்லது 10 அம்பியர் பியூஸ் போதும். பம்ப் ஓடும்போது பற்றரியில் உள்ள வோல்ட்டுக்கும் பம்ப் முனையில் உள்ள வோல்ட்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கடல் பக்கம் ஓடுகிற வண்டியில் முனைகளுக்குக் கிரீஸ் பூசி மூடி வையுங்க. இன்னொன்று கட்டாயம்: ஒயில் அழுத்த சுவிச்சின் வழியாகவோ, மோதினால் தட்டிவிடும் சுவிச்சின் வழியாகவோ அந்த றிலே போகட்டும். உறிஞ்சுகிற குழாய் அறுந்தால் காற்றுத்தான் போகும். தள்ளுகிற குழாய் அறுந்தால் டீசல் பீச்சும். வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் சூடான சைலன்சர்மேல் டீசலை ஊற்றிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

பம்ப்பைச் சுற்றி ஒரு பக்கக் குழாயும், அதில் ஒரு வழி வால்வும் வைத்துவிட்டால் நடுவழியில் மின்சாரப் பம்ப் செத்தாலும் பழைய பம்ப் அந்த வழியாக உறிஞ்சி மெதுவாக வீடு சேர்க்கும். நோயாளி ஏற்றும் தோட்ட வண்டிக்கு இதைப் போடாமல் விடக் கூடாது என்பேன். செலவு கொஞ்சம்தான்.

எல்லாம் பூட்டியதும் சாவியைத் திறந்து பம்ப்பை அரை நிமிஷம் ஓட விட்டு, பில்ட்டரின் காற்று ஆணியைத் தளர்த்தி நுரை தீர்ந்து சுத்த டீசல் வரும்வரை விட்டு இறுக்குங்க. ஒயில் சுவிச் பூட்டியிருந்தால் எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, அந்த நேரத்துக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு வயர் கொடுக்க வேணும். பின்பு அதைக் கழற்ற மறக்கக் கூடாது. ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் அடிக்காதீங்க. பில்ட்டருக்குப் பிறகு ஒரு ரீ இணைப்பில் அழுத்த மீற்றர் பூட்டி, ஐடிலில் ஒருமுறை, பாரத்தோடு ஏற்றத்தில் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்க. மீற்றரைச் சாரதி முன்னால் நிரந்தரமாக வைப்பதென்றால் மின்சார மீற்றராக இருக்கட்டும். டீசல் குழாயை ஆள் இருக்கும் இடத்துக்குள் கொண்டுவரவே கூடாது. ஏற்றத்தில் முள் பூச்சியத்துக்கு விழுந்தால் இன்னும் எங்கோ அடைப்பு இருக்கிறது.

நலன்புரி உத்தியோகத்தர் என்ற முறையில் பம்ப்பைவிட எனக்கு முக்கியமான ஒரு விஷயம். ரேங்கிலிருந்து டீசல் எடுக்க ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்சுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. "வாயில் கொஞ்சம் பட்டது, கொப்பளித்துவிட்டேன்" என்பார்கள். வயிற்றுக்குப் போனதைவிட மூச்சுக் குழாய்க்குப் போன சில துளிதான் ஆபத்து. டீசல் நுரையீரலில் படர்ந்து புண்ணாக்கிவிடும். இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். விழுங்கியவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாந்தி வரும்போது டீசல் மறுபடி நுரையீரலுக்குப் போகும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்க.

கொமன் ரெயில் வண்டியில் ஒழுக்கு எங்கே என்று எஞ்சின் ஓடும்போது விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ரயருக்கு 30 இறாத்தல் அடிக்கிறோம். அந்தக் குழாயில் 15,000 இறாத்தலுக்கும் மேல் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் குண்டூசி குத்தினாற்போல ஒரு புள்ளி, வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரும். அப்படி நடந்தால் மருந்து பூசிக் காத்திருக்காமல் உடனே போய், "பெரிய அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே டொக்டரிடம் காட்டுங்க. ஒழுக்குத் தேட ஒரு கார்ட்போட் துண்டு போதும்.

கழற்றிய பழைய பில்ட்டரையும் கிண்ணத்துத் தண்ணீரையும் பீலிப் பக்கம் ஊற்றாதீங்க. கழுவிய டீசலை ஒரு தகரத்தில் சேர்த்துக் கராஜில் கொடுத்துவிடலாம். கை கழுவச் சவர்க்காரம் எடுங்க, டீசலால் கை கழுவினால் தோல் வெடிக்கும். வேலை முடிந்த சாரமும் சட்டையும் பிள்ளைத் துணிகளோடு சேராமல் தனியாக ஊறட்டும்.